எருசலேமிற் கூடாரப் பண்டிகை

யூத மக்கள் ஆண்டுதோறும் எருசலேமுக்கு யாத்திரை செய்து கொண்டாட வேண்டுமென்று பழைய ஏற்பாடு விதித்த பெருவிழாக்கள் மூன்று. பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை என்பன அவை. இவற்றுள் முதலிரண்டும் கிறிஸ்தவ உலகினுள் வேறு வடிவிற் புகுந்து நிலைத்துவிட்டன. பஸ்காவை ஒட்டி உயிர்த்த ஞாயிறும், வாரங்களின் பண்டிகையை ஒட்டிப் பெந்தெகொஸ்தே ஞாயிறும் எழுந்தன. மூன்றாவதாகிய கூடாரப் பண்டிகைக்கு மாத்திரம் திருச்சபையின் பஞ்சாங்கத்தில் இடங் கிடைக்கவில்லை. ஆயினும் கடந்த சில பத்தாண்டுகளாக, இலையுதிர் காலத்தில் வரும் இவ்விழாவை எருசலேமிலேயே இருந்து அநுசரிக்க வேண்டுமென்று பல நாட்டுக் கிறிஸ்தவர்கள் கடல் கடந்து செல்லலாயினர். 2019 ஆம் ஆண்டு நம் நாட்டிலிருந்து அவ்வாறு சென்ற சிறு கூட்டமொன்றுடன், போதகரான என் நண்பரின் அழைப்பை ஏற்று, சைவனாகிய நானும் சென்றேன். அவர்கள் பக்தியோடு சென்றார்கள். நான் ஆவலோடு சென்றேன்.

அவ்வாண்டுப் பண்டிகை ஒக்டோபர் 13 ஆந் திகதி மாலையிற் தொடங்கியது. யூதர்களின் திஷ்ரி மாதம் பத்தாம் நாள் பாவநிவிர்த்தி நாளாகும். அன்று முழுநாளும் உண்ணாதிருந்து, பிழை பொறுக்க வேண்டி மன்றாடுவர். அந்நோன்பு முடிந்த இரவே நகரமெங்கும் சுத்தியல் ஓசை கேட்கத் தொடங்கும். பதினைந்தாம் நாள் பண்டிகை பிறக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தனக்கொரு குடிலை எழுப்பியாக வேண்டும். வீட்டு முற்றத்தில், மாடியில், உணவுச்சாலை வாயிலில், நடைபாதை ஓரத்தில் என்று குடில்கள் முளைத்துவிடுகின்றன. ஏழு நாளும் உணவு அங்கேதான். இயன்றவர் உறங்குவதும் அங்கேதான். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்ட முன்னோர் நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் அலைந்ததை நினைவுகூரவே இவ்வேற்பாடு என்று லேவியராகமம் கூறும். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் காலத்தில் இந்த நினைவு விதிக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. இல்லாதபோது குடிலில் இருப்பது இயல்பு. எல்லாம் இருக்கும்போதே வீட்டைவிட்டு வெளியே வந்து இருக்கச் சொல்கிறது இவ்விதி.

குடில் அமைக்கும் விதிகள் சுவையானவை. சுவர் எதனாலும் ஆகலாம். பலகையோ தகரமோ வெறுஞ் சீலையோ தடையில்லை. கட்டுப்பாடெல்லாம் கூரைக்கே. மண்ணில் முளைத்து, வெட்டி எடுக்கப்பட்ட தாவரப் பொருளாலேயே அதனை வேய வேண்டும். வேரூன்றி நிற்கும் மரத்தின் கிளையை வளைத்துக் கூரையாக்கினால் அது செல்லாது. உள்ளே வெயிலினும் நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆனால் இரவில் நட்சத்திரங்கள் தெரியுமளவுக்கு இடைவெளி விடுவது வழக்கம். நம்மூரிற் கிடுகு வேய்பவன் ஒரு பொட்டு வானமும் தெரியாதபடி வேய்வதையே தன் தொழிற்றிறமாகக் கொள்வான். இங்கோ ஒழுகுவதற்கென்றே கூரை வேய்கிறார்கள். குடிலுக்கும் வானத்துக்குமிடையே வேறொரு கூரை குறுக்கிடலாகாது என்பதும் விதியாதலால், எருசலேமின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் ஒரு மாடி முகப்பின்மேல் மற்றொன்று வராதபடி விலக்கி விலக்கிக் கட்டியிருக்கிறார்கள். கட்டடக் கலைஞனின் விநோதம் என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆண்டில் ஏழு நாளுக்காகக் கல்வீட்டின் அமைப்பே மாறியிருக்கிறது.

இந்தக் குடிலைத் தமிழ் வேதாகமம் ‘கூடாரம்’ என்கிறது. கூடாரம் என்றதும் நமக்குச் சீலைத்துணியும் முளைக்கம்பும் கயிறுமே நினைவுக்கு வரும். எபிரேய மொழியிலுள்ள ‘சுக்கா’ என்னும் சொல் தழையால் வேய்ந்த குடிலைக் குறிப்பது. ‘பந்தல்’ என்று பெயர்த்திருந்தால் நம் மக்களுக்கு இன்னும் தெளிவாக விளங்கியிருக்குமென்பது என் கருத்து. சைவனுக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே என்ன வேலை என்று யாரேனும் கேட்பராயின், பெர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழ்மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நம் ஆறுமுக நாவலர் என்பதை மாத்திரம் நினைவூட்டி மேலே செல்கின்றேன்.

பண்டிகைக்கு முந்திய நாள்களில் காணவேண்டிய மற்றொரு காட்சி நால்வகைத் தாவரங்களின் சந்தை. விரியாத பேரீச்சங் குருத்து ஒன்று, மிருதுச்செடிக் கொப்பு மூன்று, தமிழ் வேதாகமம் ஆற்றலரி என்று பெயரிடும் மரத்தின் கிளை இரண்டு, இவற்றோடு எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த ‘எத்ரோக்’ என்னும் தடித்த தோலுடைய மஞ்சட் கனி ஒன்று. இவற்றைக் கையிலேந்தி நாற்றிசையும் மேலும் கீழும் அசைத்து வழிபடுவர். கனியில் ஒரு வடுவும் இருத்தலாகாது. கறுப்பு மேலங்கியும் தாடியுமாக நின்ற ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரே கனியை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் அதனை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். வியாபாரி முகஞ் சுளிக்கவில்லை. பெண் பார்க்கச் செல்பவருங்கூட இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் மெல்லச் சொன்னார்.

இக்குருத்தோலை நம் கிறிஸ்தவ மக்களுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் குருத்தோலை ஞாயிறன்று சிறுவர்கள் ஓலை ஏந்திப் பவனி செல்லும்போது ‘ஓசன்னா’ என்று பாடுகிறார்களே, அந்தச் சொல்லே கூடாரப் பண்டிகையில் யூதர்கள் குருத்தோலையுடன் சுற்றிவரும்போது எழுப்பும் வேண்டுதல்தான். ‘இரட்சித்தருளும்’ என்பது அதன் பொருள். இயேசு எருசலேமுக்குள் நுழைந்தது பஸ்காவை ஒட்டிய இளவேனிற் காலத்தில் என்று சுவிசேஷங்கள் கூறும். எனினும் மக்கள் கையிலிருந்த ஓலையும் வாயிலிருந்த சொல்லும் கூடாரப் பண்டிகைக்கு உரியவை. பஞ்சாங்கத்தில் இடம்பெறாத விழா இப்படி ஒரு சொல்லாகவும் ஓர் ஓலையாகவும் திருச்சபைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் காலத்துக் கிறிஸ்தவர்கள் இவ்விழாவைத் தேடிச் செல்வதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் சகரியா தீர்க்கதரிசியின் நூலின் இறுதி அதிகாரம். எல்லா நாட்டினரும் கூடாரப் பண்டிகையை ஆசரிக்க எருசலேமுக்கு வருவர் என்று அங்கே கூறப்பட்டிருக்கிறது. யூத மரபிலும் இதற்கொரு பொருத்தமுண்டு. எண்ணாகமத்தின்படி ஏழு நாளில் முறையே 13, 12, 11, 10, 9, 8, 7 என்று காளைகள் பலியிடப்பட்டன, கூட்டினால் 70. இவை உலகின் எழுபது தேசத்தாருக்காக இடப்பட்டவை என்று பழைய ரபிமார் விளக்கினர். 1980 இல் பல நாட்டுத் தூதரகங்கள் எருசலேமைவிட்டு நீங்கியபோது தொடங்கப்பட்ட ‘எருசலேம் சர்வதேசக் கிறிஸ்தவத் தூதரகம்’ என்னும் அமைப்பு இந்தக் கிறிஸ்தவ விழாவை நடத்தி வந்திருக்கிறது. பெயரில் தூதரகமாயினும் எந்த அரசாங்கத்துக்கும் உரியதன்று. அவ்வாண்டு நகர வீதியில் நடந்த பவனியில் ஆபிரிக்கரும் ஐரோப்பியரும் சீனரும் பிரேசில் நாட்டினரும் தத்தம் உடையில் கொடியேந்திச் சென்றனர். வழியோரத்து யூதச் சிறுவர்கள் அவர்களிடம் இனிப்பு வாங்கிக்கொண்டார்கள்.

இதைக் கண்டு எல்லாக் கிறிஸ்தவரும் மகிழ்ந்துவிடவில்லை. கி.பி. 386 இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்னும் புகழ்பெற்ற பிரசங்கியார், தம் சபையார் யூதர்களின் இலையுதிர்காலப் பண்டிகைகளுக்குப் போவதைக் கடிந்து பேசினார். அவருடைய பேச்சிலுள்ள கடுமை இன்று படிப்போரை முகஞ் சுளிக்க வைக்கும். அன்றே சாதாரணக் கிறிஸ்தவர்களுக்கு இவ்விழாவின்மேல் ஆசை இருந்தது என்பதற்கு அக்கடுமையே சான்று. நம் காலத்திலே எழும் எதிர்ப்பு வேறு வகையானது. 2006 இல் எருசலேமின் இலத்தீன் மறைமுதுவர் உட்பட நான்கு திருச்சபைத் தலைவர்கள், வேதவாக்கைக் காட்டி ஓர் அரசின் ஆட்சி விஸ்தரிப்பை ஆதரிக்கும் போக்கினைக் கண்டித்து அறிக்கை விட்டனர். அந்நகரத்தின் பூர்விகக் கிறிஸ்தவர்களிற் பெரும்பாலோர் அரபு மொழி பேசும் பாலஸ்தீனர் என்பதை வெளிநாட்டு யாத்திரிகர் மறந்துவிடுகின்றனர். கொடிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களைவிட, கொடியின்றி வந்த எங்கள் சிறு கூட்டமே எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றேன்.

மூன்றாம் நாட் காலை சீலோவாம் குளத்துக்குச் சென்றோம். பழைய நகரின் மதிலுக்கு வெளியே, தெற்கே சரிந்திறங்கும் சில்வான் பகுதியில் அது இருக்கிறது. கீகோன் ஊற்றின் நீரை எசேக்கியா அரசன் 533 மீற்றர் நீளமான சுரங்கத்தால் மலையைக் குடைந்து இவ்விடத்துக்குக் கொண்டுவந்தான். 2004 இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது அகன்ற கற்படிகள் வெளிப்பட்டன. இயேசுவின் காலத்துக் குளத்தின் படிகள் அவையே என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். நாங்கள் சென்றபோது ஒருபுறத்துப் படிகளே தெரிந்தன; எஞ்சிய பகுதி ஒரு தோட்டத்தின்கீழ் மறைந்திருந்தது. மேலே பாலஸ்தீன மக்களின் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அவ்வீடுகளின்கீழ் நடக்கும் அகழ்வு பற்றிக் கசப்பான வழக்குகள் உண்டு.

ஆலயம் நின்ற காலத்தில் பண்டிகையின் ஒவ்வொரு நாட் காலையிலும் ஆசாரியன் ஒருவன் பொற்குடத்துடன் இக்குளத்துக்கு இறங்கி வந்து நீர் முகந்து செல்வான். எக்காளம் முழங்க அந்நீர் பலிபீடத்தில் வார்க்கப்படும். கோடை முழுவதும் மழை காணாத நாட்டில், வரப்போகும் மழைக்கான வேண்டுதல் அது. இரவில் ஆலயத்தின் பெண்கள் முற்றத்தில் உயர்ந்த பொன் விளக்குத்தண்டுகளை ஏற்றுவர். ஆசாரியர்களின் பழைய உடைகளைக் கிழித்தே திரி முறுக்கினார்கள் என்று மிஷ்னா என்னும் யூத நூல் கூறுகிறது. அவ்வொளி எருசலேமின் எல்லா முற்றங்களிலும் விழுந்ததாம். பெரியோர்கள் தீப்பந்தங்களை எறிந்து பிடித்து ஆடினார்களாம்.

போதகர் அப்படியில் அமர்ந்து யோவான் சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தை வாசித்தார். இயேசு இப்பண்டிகைக்கு முதலிற் போக மறுத்து, பின்னர் மறைவாகப் போய், கடைசி நாளில் எழுந்து நின்று, தாகமுள்ளவன் தம்மிடம் வந்து பருகட்டும் என்று உரக்க அழைத்த வரலாறு அங்கே வருகிறது. “மாஸ்டர், இந்தப் படியைக் காணும்வரைக்கும் அந்த வசனம் எனக்கு வெறும் உவமைதான்” என்றார் அவர். “ஏழு நாளும் இங்கிருந்து தண்ணீர் சுமந்து போகிறார்கள். ஏழு நாளும் அது கல்லில் ஊற்றப்பட்டு வடிந்து போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் அவர் தாகத்தைப் பற்றிப் பேசுகிறார்.” அடுத்த அதிகாரத்தில் வரும் உலகத்தின் ஒளி பற்றிய பேச்சும் அந்த விளக்குகளைக் கண்ட கண்களுக்கே சொல்லப்பட்டது என்பது அவர் துணிபு. வார்த்தை மாம்சமாகி மனிதரிடையே தங்கியது என்று யோவான் தொடக்கத்திற் கூறுமிடத்தில், மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரமடித்தல் என்பதே பொருளென்றும் சொன்னார். ‘வாசம்’ என்ற தமிழ்ச் சொல்லிலே அக்கூடாரம் மறைந்துபோய்விட்டது. மலைமேல் ஒளி உருவைக் கண்ட பேதுரு மூன்று கூடாரம் போட முன்வந்ததையும் அவர் எடுத்துக்கொண்டார். கூடாரம் பெயர்த்துச் செல்வதற்கென்று அமைவது. பேதுருவோ அங்கேயே தங்கிவிடுவதற்காக அதைக் கேட்டான் என்பது அவர் கண்ட குறை. கூடாரத் தொழிலாளியான பவுல், இவ்வுடம்பையே கழற்றப்படும் கூடாரமாக எழுதியதைக் கேட்டபோது, வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் உயிரின் தங்குமிடத்தைப் பற்றிச் சொன்னது என் நினைவில் எழுந்தது.

பண்டிகையின் இடைநாள் ஒன்றில், எருசலேமுக்கு மேற்கே மலைச்சரிவிலுள்ள மெசிலாத் சீயோன் என்னும் குடியிருப்புக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். அங்கே கொச்சியிலிருந்து பெயர்ந்து சென்ற யூதர்கள் வாழ்கின்றனர். 1950 களில் அச்சமூகத்தாரிற் பெரும்பாலோர் கேரளத்தைவிட்டுச் சென்றனர். எங்களை வரவேற்ற முதியவர் சிறு பிள்ளையாக வந்தவர். ஆயினும் மலையாளம் மறக்கவில்லை. அவர் மலையாளத்திலும் நாங்கள் தமிழிலும் பேசினோம். பாதி விளங்கியது, மீதியைக் கைகள் பேசின. கொச்சியிலே தென்னோலையால் வேய்ந்த குடிலையும் அங்கே பண்டிகைக் காலத்திற் பெய்யும் மழையையும் சொல்லிச் சிரித்தார். பண்டிகையின்போது மழை பெய்து குடிலில் இருக்க முடியாதாயின் வீட்டுக்குள் போகலாம் என்று விதியுண்டு. ஆனால் எசமானுக்குக் கிண்ணத்தில் வார்க்க வந்த வேலைக்காரன் முகத்தில் எசமானே குடத்து நீரை எறிந்ததற்கு ஒப்பு அந்த மழை என்று அவர்கள் நூல் சொல்கிறது. வீட்டம்மா தேங்காய்ப்பால் விட்ட மீன்கறியும் சோறும் பரிமாறினார். இறைச்சியோடு பசுப்பாலைச் சேர்க்கலாகாதென்ற உணவு விதியுடையவர்களுக்குத் தேங்காய்ப்பால் வாய்த்தது பெரும்பேறு.

உணவின்போது போதகர், இந்த விழாவுக்கு விதிக்கப்பட்ட கடமை மகிழ்ந்திருத்தலே என்று உபாகமத்திலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். எங்களோடு மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் அதுவரை அதிகம் பேசாதவர். அவ்வாண்டு ஏப்ரில் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்பிள்ளைகளுட் சிலரை அவர் அறிவார். அது நடந்து ஆறு மாதமே ஆகியிருந்தது.

“பாஸ்டர், சந்தோஷப்படு என்று கட்டளை போட்டால் சந்தோஷம் வந்துவிடுமோ?” என்று அவர் கேட்டார். போதகர் விடை தேடுமுன் அவரே தொடர்ந்தார். “சுனாமிக்குப் பிறகு எங்களைக் கூடாரத்திலே வைத்தது கடல். ஒன்பது மாதம். ஒருவரும் அதைப் பண்டிகை என்று சொல்லவில்லை.”

போதகர் பேசவில்லை. முதியவர் என்னவென்று கேட்டார். அரைகுறை மலையாளத்தில் எடுத்துச் சொன்னோம். அவர் சிறிது நேரம் கூரையையே பார்த்திருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குட் சென்று தடித்த நூலொன்றை எடுத்து வந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞரான மைமோனிடிஸ் இயற்றிய நூல் அது. கதவை அடைத்துக்கொண்டு தன் மனைவி மக்களோடு மாத்திரம் உண்டு குடித்து, வறியவர்க்கும் மனங்கசந்தவர்க்கும் உணவளியாதவனுடைய மகிழ்ச்சி அவன் வயிற்றின் மகிழ்ச்சியே என்று அதிலே எழுதப்பட்டிருப்பதை விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் பெயர்த்தார். உபாகமமும் அவ்வாறே மகிழ வேண்டியோரை வரிசைப்படுத்திக் கூறுகிறது: மகன், மகள், வேலையாட்கள், லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. போதகர் தம் தமிழ் வேதாகமத்தைத் திறந்து அந்த இடத்தை மறுபடியும் பார்த்தார். தாம் பலமுறை பிரசங்கித்த வசனந்தான் என்றும், பட்டியலை எப்போதும் வேகமாக வாசித்துக் கடந்ததாகவும் பின்னர் என்னிடம் சொன்னார்.

முதியவர் அம்மையாரைப் பார்த்து, “மோளே, நீ சிரிக்கேண்டா. இரி” என்றார். மகளே, நீ சிரிக்க வேண்டாம், இரு என்பது பொருள். அம்மையார் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. எழுந்து போகவுமில்லை. வீட்டம்மா இன்னுங் கொஞ்சம் சோறு வைத்தபோது தடுக்கவில்லை. ஓலைக் கூரையினூடே வானம் கறுத்து வந்தது. நாங்கள் புறப்பட வெகுநேரமாயிற்று.

அந்த வாரத்துச் சனிக்கிழமை யூத ஆலயங்கள் பலவற்றில் பிரசங்கி நூலை வாசிப்பர். மகிழ்ச்சிக்குரிய விழாவில், உலக வாழ்வின் நிலையாமையை ஓயாமற் கூறும் நூல் ஏன் என்று கேட்கலாம். தமிழ் வேதாகமம் அந்நூலின் தலையாய சொல்லை ‘மாயை’ என்று பெயர்த்திருக்கிறது. எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள் ஆவி அல்லது மூச்சு. சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது பொய்த்தோற்றமன்று. உலகுக்கு முதற்காரணமாகிய உள்பொருள். ஆகவே என் மாணவர்கள் இந்நூலைப் படிப்பராயின் அச்சொல்லை நம் சாத்திரப் பொருளிற் கொள்ளலாகாது. குளிர்ந்த காலையில் வாயிலிருந்து எழுந்து உடனே கலையும் ஆவியை நினைத்துக்கொண்டு படித்தால், அதனைக் குடிலுக்குள் இருந்து வாசிக்கும் பொருத்தம் புலப்படும்.

ஏழாம் நாள் ஆற்றலரிக் கிளைகளை நிலத்தில் அடித்து இலை உதிர்க்கிறார்கள். மறுநாள் எட்டாம் நாட் பெருவிழா. அன்று மழைக்கான வேண்டுதல் ஓதப்படும். குடிலில் இருக்கும் ஏழு நாளும் மழை கேட்பதில்லை. குடிலின் கடமை நீங்கிய பின்னரே அதனைக் கேட்பது எவ்வளவு உலகியல் அறிவு! இதே எட்டாம் நாளன்றுதான், 2023 ஒக்டோபர் 7 ஆந் திகதி, ஹமாஸ் இயக்கத்தினர் காசாவிலிருந்து புகுந்து தாக்கினர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இஸ்ரேலிற் கொல்லப்பட்டனர். அதன்பின் மூண்ட போரில் காசாவிற் பல்லாயிரவர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் வீடிழந்து கூடாரங்களில் வாழ நேர்ந்தது. அச்செய்திகளைப் படித்த நாள்களில் அந்த அம்மையாரின் வார்த்தைகள் பலமுறை என் காதில் ஒலித்தன.

2019 இல் எட்டாம் நாள் இரவு முடிந்ததும் நாங்கள் தங்கிய விடுதியின் முற்றத்துக் குடிலைக் கழற்றினார்கள். கழற்றியவர்கள் அரபு இளைஞர்கள். முதலில் ஓலை இறங்கியது, பின்னர் சீலை, கடைசியாகப் பலகைகள். அடுத்த ஆண்டு மாறாமற் பூட்டுவதற்காக ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் எண் எழுதியிருந்தது. இளைஞன் ஒருவன் எண்களை உரக்கச் சொல்ல மற்றவன் வரிசைப்படி அடுக்கினான். அரை மணி நேரத்தில் முற்றம் வெறுமையாயிற்று. தரையில் உதிர்ந்து கிடந்த பேரீச்ச ஓலைத் துண்டொன்றை அம்மையார் எடுத்து, குருத்தோலை ஞாயிறன்று நம் பிள்ளைகள் செய்வதுபோல் அதனை மடித்துச் சிறு சிலுவையாக்கித் தம் வேதாகமத்துள் வைத்துக்கொண்டார். விமானநிலையத்துக்குச் செல்லும் வண்டி அதிகாலை மூன்று மணிக்கு வந்தது.